புதுப்பிப்பு: நல்ல சமாரியன், கோமாளிகளின் மௌன நாடகம்

கள்ளர் அடித்துப் போட்ட பயணியை ஆசாரியனும் லேவியனும் (ஆலயப் பணியாளன்) கண்டும் விலகிப்போக, சமாரியன் ஒருவன் காப்பாற்றுகிற, வேதாகமத்தின் லூக்கா 10-ஆம் அதிகாரத்து நல்ல சமாரியன் உவமையைக் கோமாளிகளின் மௌன நாடகமாக்கும்போது, யூதரும் சமாரியரும் ஒருவரோடொருவர் கலவாதவர்கள் என்பதை வசனமின்றி எப்படி உணர்த்துவது என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் சொன்ன பெயர்ப்பலகை, வாசிக்கத் தெரியாத சிறுவர்களுக்கு உதவாது என்பதால் விட்டுவிட்டோம். மற்றவர்களுக்குச் சிவப்பு மூக்கும் சமாரியனுக்கு மட்டும் நீல மூக்கும் வைத்து, கதை தொடங்கும் முன்பே அவன் நீட்டும் கையை ஆசாரியனும், லேவியனும், பிறகு குற்றுயிராய் விழப்போகிற பயணியும்கூடத் தட்டிவிட்டுப் போகும்படி அமைத்தோம்.

சமாரியன் பயணியின் காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்க்கும் இடத்தை அவசரப்படுத்தவில்லை, கண்விழிக்கும் பயணி நீல மூக்கைக் கண்டு பின்வாங்கி, வெகுநேரம் தயங்கிய பிறகே கையை நீட்டுகிறான் (உவமையில் இல்லாத சேர்க்கைதான், ஆயர் ஒப்புக்கொண்டார்). பயணியை ஏற்றிச் செல்லும் கழுதைக்குப் பதில் தள்ளுவண்டி. சத்திரக்காரனுக்குக் கொடுக்கும் இரண்டு பணத்தைச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு அட்டையில் வெட்டியிருக்கிறோம். கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டுமே.