ட்ராப்சிக்குச் ‘செதிற்சிலிர்ப்பு’ பொருந்துமா?

அன்புள்ள குழுமத்தார் அனைவர்க்கும் வணக்கம்.

ஆங்கிலப் பெயர்களுக்குத் தமிழ்ச் சொல் காணும் நம் வளர்ப்புமீன் நோய்ச் சொற்பட்டியலில் வெள்ளைப்புள்ளி, துடுப்பழுகல், செவுள்புழு ஆகியவை அதிக வாதமின்றி முடிந்துவிட்டன. ட்ராப்சி (dropsy), அதாவது மீனின் உடலில் நீர் தேங்கி வீங்கும் நிலை, மட்டும் மூன்று வாரமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. இதுவரை வந்த பரிந்துரைகள் நீர்க்கோவை, மகோதரம், பெருவயிறு என்ற மூன்று. இம்மூன்றையும் ஏற்க நான் ஏன் தயங்குகிறேன் என்பதையும், ‘செதிற்சிலிர்ப்பு’ என்ற சொல்லை ஏன் முன்வைக்கிறேன் என்பதையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நீளத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நீர்க்கோவையை எளிதில் ஒதுக்கிவிடலாம். சேலத்தில் எந்த நாட்டு மருந்துக் கடையில் இந்தச் சொல்லைச் சொன்னாலும், இழைத்து நெற்றியில் பற்றுப் போடுகிற மாத்திரையை எடுத்துக் கொடுப்பார்கள். தலையில் நீர் கோத்துக்கொண்டதற்கு மக்கள் நாள்தோறும் புழங்கும் சொல்லை, மீனின் உடலில் நீர் தேங்குவதற்கு மாற்றிக்கொடுத்தால் இரண்டு பொருளும் குழம்பும்.

மகோதரமும் பெருவயிறும் அப்படிப்பட்டவை அல்ல. நோயாளியின் வயிற்றில் நீர் கோத்துப் பருப்பதைச் சுட்டும் பழக்கப்பட்ட சொற்கள். ஆனால் மீனைப் பொறுத்தவரை அவை தவறான இடத்தைப் பார்க்கச் சொல்கின்றன. கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நான்கு சிமெண்டுத் தொட்டிகள் இருக்கின்றன. அவற்றில் வயிறு பெருத்த மீனை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். முட்டை முற்றிய பெண் தங்கமீனுக்கு வயிறு பெருக்கும். குட்டிபோடவிருக்கும் மோலிக்குப் பெருக்கும். பேத்தி கையில் தீவன டப்பா கிடைத்த மறுநாள் எல்லாவற்றுக்குமே பெருக்கும். உள்ளே கட்டி வளர்ந்தாலும், குடலில் புழு அடைந்தாலும் அப்படியே. இவற்றில் எதுவும் ட்ராப்சி அன்று.

ட்ராப்சி கண்ட மீனை ஒரு வெள்ளை பேசினில் விட்டு, நேர் மேலிருந்து பாருங்கள். பக்கவாட்டில் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது தெரியாதது அப்போது தெரியும். நலமாக இருக்கும் மீனின் முதுகிலிருந்து பார்த்தால் உடலின் ஓரக்கோடு வழவழவென்று ஓடும். நோய்ப்பட்ட மீனில் அந்தக் கோடு ரம்பத்தின் பல்போல் சிறுசிறு படிகளாக உடைந்திருக்கும். ஒவ்வொரு செதிலின் பின்விளிம்பும் உடலைவிட்டு விலகி நிற்கும். ஆங்கிலத்தில் இதைப் பைன் மரத்தின் காயோடு ஒப்பிடுவார்கள். நமக்கு அந்த உவமை வேண்டியதில்லை. குரங்கு ஏறி இறங்கிய நாட்டு ஓட்டுக் கூரையைப் பார்த்தவர்களுக்கு இது எப்படி இருக்கும் என்பது விளங்கும். கடைக்காரர்கள் இதைச் சரியாகவே சொல்கிறார்கள். நான்கு ரோட்டுப் பக்கம் நான் வழக்கமாக மீன் வாங்கும் கடையில், வயிறு பெருத்த மீனைக் கொண்டுபோய்க் காட்டினால் முதல் கேள்வியே “செதில் தூக்கிருச்சுங்களா?” என்பதுதான். வயிற்றைப் பற்றி அவர் கேட்பதில்லை.

செதில் ஏன் தூக்குகிறது என்பதைப் பார்த்தால் சொல்லைத் தேர்வது எளிதாகும். நன்னீர் மீனின் குருதியில் உள்ள உப்பு, அது நீந்தும் நீரில் உள்ளதைவிட அதிகம். ஆகவே செவுள் வழியாகவும் தோல் வழியாகவும் நீர் இடைவிடாமல் உள்ளே ஊறிக்கொண்டே இருக்கிறது. அதைச் சிறுநீரகம் ஓயாமல் நீர்த்த சிறுநீராக வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பவனின் வேலை அது. சிறுநீரகம் கெட்டால் இறைப்பு நிற்கும், ஊறல் நிற்காது. தேங்கிய நீர் வயிற்றறையை நிரப்புவதோடு, ஒவ்வொரு செதிலும் செருகியிருக்கும் சிறு தோற்பைக்குள்ளும் இறங்கும். பை வீங்க வீங்கச் செதில் நிமிரும். சிறுநீரகத்தைக் கெடுப்பது பெரும்பாலும் ஏரோமோனாஸ் வகைப் பாக்டீரியா; அது எல்லாத் தொட்டி நீரிலும் இருப்பதுதான், மீன் நலிந்தபோது உள்ளே நுழைகிறது. ஆனால் அது ஒன்றே காரணம் என்று சொல்வதற்கில்லை. மாற்றாத நீரில் ஏறும் அம்மோனியா, ஒட்டுண்ணி, ஈரல் கேடு, கட்டி என்று பல வழிகளில் வந்து சேரும் ஒரே முடிவு இது.

அதாவது ட்ராப்சி என்பது ஒரு நோயின் பெயர் அன்று. சித்த மருத்துவர்கள் சொல்லும் குறிகுணம், அதாவது அறிகுறி, அது. மனித மருத்துவம் இதை எப்போதோ கடந்துவிட்டது. 1827இல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்டு பிரைட், உடல் வீங்கிய நோயாளிகள் பலருடைய சிறுநீர் சூடாக்கினால் முட்டை வெண்கரு போலத் திரள்வதையும், இறந்தபின் அறுத்துப் பார்த்தால் அவர்களுடைய சிறுநீரகம் கெட்டிருப்பதையும் சேர்த்துக் காட்டினார். அதன்பின் மருத்துவர்கள் சிறுநீரகத்தால் வந்ததா, இதயத்தால் வந்ததா, ஈரலால் வந்ததா என்று பிரித்துப் பேசத் தொடங்கினார்கள். ட்ராப்சி என்ற பழைய பெயர் மெல்லத் தேய்ந்தது. மீன் வளர்ப்பவர்களிடம் மட்டும் அது இன்னும் நோயின் பெயராகவே நிற்கிறது. “என்ன நோய்?” “ட்ராப்சி.” அத்தோடு விசாரணை முடிந்துவிடுகிறது, நீரைச் சோதிப்பவர் எவருமில்லை. நாம் மொழிபெயர்ப்பதென்றால் இந்தப் பிழையையும் சேர்த்து மொழிபெயர்க்க வேண்டுமா என்பதே என் கேள்வி.

கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்லி, காரணத்தைப் பற்றி வாய் திறக்காத பெயர் என்றைக்கும் பொய்யாகாது. நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. சேலத்துக்கு வடக்கே வெண்மையாகத் தெரியும் குன்றுகளை ஆங்கிலேயர் ‘சாக் ஹில்ஸ்’ என்று எழுதிவைத்தார்கள். அங்கே இருப்பது ‘சாக்’ எனப்படும் சுண்ணக்கல் அன்று, மேக்னசைட் என்ற கனிமம். இங்குள்ளவர்களோ வெள்ளைக்கல் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வேதியியல் மாறினாலும் அந்தப் பெயரைத் திருத்த வேண்டியதில்லை.

ஆகவே ‘செதிற்சிலிர்ப்பு’. சிலிர்ப்பு என்பது புல்லரிப்போடும் மகிழ்ச்சியோடும் போகும் சொல், நோய்க்கு ஒட்டாது என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். கோழி வளர்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். “கோழி சிலிர்த்துக்கிட்டு மூலையில நிக்குது” என்றால் அதற்குச் சீக்கு வந்துவிட்டது என்றே பொருள். அதைக் கேட்டு மகிழ்ச்சியை நினைப்பவர் யாருமில்லை. மயிர், இறகு, முள் என்று உடலின் மேற்போர்வை எழுந்து நிற்பதற்கெல்லாம் தமிழில் அந்த வினைதான் வருகிறது, செதிலுக்கும் வரட்டும். மீன்நோய் நூலார் கிரேக்க வேர்களிலிருந்து ஆக்கிக்கொண்ட ‘லெபிடார்த்தோசிஸ்’ என்ற சொல்லும் ‘செதில் நிமிர்வு’ என்பதைத்தான் சொல்கிறது. ‘செதில்நிமிர்வு’ என்றே வைக்கலாமே என்றால், நிமிர்தல் நலத்தின் அடையாளம். சிலிர்த்தலில்தான் நோயின் வாடை இருக்கிறது.

இன்னொரு பயனும் உண்டு. பிறவியமைப்பையும் நோயையும் பிரிக்க இந்தச் சொல் உதவும். முத்துச்செதில் தங்கமீன் என்று ஒரு வகை இருக்கிறது. உருண்டை உடல், ஒவ்வொரு செதிலின் நடுவிலும் அரை முத்துப்போல் ஒரு மேடு. தொலைவிலிருந்து பார்த்தால் ட்ராப்சி மாதிரியே இருக்கும். அதில் செதிலின் நடு குமிழ்ந்திருக்கும், ஆனால் விளிம்பு உடலோடு படிந்திருக்கும். சீத்தாப்பழத் தோலை நினைத்துக்கொள்ளலாம். சிலிர்ப்பிலோ விளிம்பு எழும்பும். இதை நான் ஒரு மீனை இழந்துதான் கற்றேன். என் முத்துச்செதில் மீன் ஒன்று மூன்று நாளாக ஒதுங்கி நின்றது. செதில்கள் துருத்தியிருந்ததைப் பார்த்தும் ‘இந்த வகையே இப்படித்தான்’ என்று இருந்துவிட்டேன். நான்காம் நாள் கண்ணிரண்டும் பிதுங்கியபோதுதான் மேலிருந்து பார்க்கத் தோன்றியது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

இதை ஒட்டி, ‘டிஃபார்மிட்டி’ (உடல் வடிவம் கோணியிருத்தல்) என்பதற்கு வந்துள்ள ‘ஊனம்’ என்பதையும் மறுபரிசீலனை செய்ய வேண்டுகிறேன். பலூன் மோலியின் முதுகெலும்பு சுருங்கியது. அந்தச் சுருக்கத்தையே தேர்ந்து பெருக்கி, கூடுதல் விலைக்கு விற்கிறோம். அதை ஊனம் என்பதா, வகை என்பதா? ‘உருத்திரிபு’ என்றால் இரண்டுக்கும் இடம் இருக்கும். ‘எச்சம்’ என்பதற்குக் குறைபாடு என்ற பழம்பொருள் இருப்பதாக நினைவூட்டியவர்க்கு நன்றி; ஆனால் மீன்தொட்டிப் பேச்சில் அந்தச் சொல் வந்தால் படிப்பவர் வேறொன்றைத்தான் துடைக்கப் போவார். முதுகு மேல்நோக்கி வளைந்தால் கூன், கீழ்நோக்கிக் குழிந்தால் குழிமுதுகு, பக்கவாட்டில் வளைந்தால் பக்கக்கோணல் என்று போதும். இவையும் கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே சொல்கின்றன. பிறவியிலேயே கோணலான கப்பிக் குஞ்சும், உயிர்ச்சத்து சி இல்லாத பழைய தீவனம் தின்று கோணலான மீனும், மைக்கோபாக்டீரியா தொற்றி இளைத்துக் கோணலான மீனும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கலாம். கடைசி வகைத் தொட்டியில் கையில் புண்ணோடு வேலை செய்தால் நமக்கும் தோலில் தொற்றும் என்பதால், பெயரிலேயே ‘பிறவி’ என்று முடிவுகட்டிவிடுவது ஆபத்தும்கூட.

எழுத்தமைப்பு: செதில் + சிலிர்ப்பு என்பது புணர்ச்சியில் செதிற்சிலிர்ப்பு ஆகும். உரைநடையில் செதில்சிலிர்ப்பு என்று எழுதுவோரையும் திருத்த வேண்டாம் என்பது என் கருத்து.

அன்புடன்,
கன்னங்குறிச்சியிலிருந்து

*

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, ஏற்காட்டிலிருந்து வணக்கம்.

கோழியை முன்னிறுத்தி நீங்கள் சொன்னதை ஒரு கால்நடை மருத்துவராக நான் மறுக்க முடியாது. ஒரு நாளில் பத்துப் பேராவது என்னிடம் அந்தத் தொடரைச் சொல்கிறார்கள். ஆனாலும் இரண்டு தடைகள் உள்ளன.

முதலாவது, கெளுத்தி இனத்துக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? கண்ணாடிக் கெளுத்திக்குச் செதிலே இல்லை. தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் சக்கர் மீனுக்கு எலும்புத் தகடுதான், அது சிலிர்க்காது. அவற்றுக்கும் சிறுநீரகம் கெடும், உடலில் நீர் தேங்கும்.

இரண்டாவது தடையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். செதில் எழுவது கடைசிக் கட்டத்தில். அதற்கு முன்பே மீன் தீவனத்தை விடுகிறது, செவுள் வெளிறுகிறது, ஒதுங்கி நிற்கிறது. செதிலைப் பெயராக வைத்தால், செதில் எழும்வரை வளர்ப்பவர் காத்திருப்பார். குறியைப் பெயராக வைப்பதால் வரும் வம்பை வெள்ளைப்புள்ளியிலேயே பார்க்கிறோம். இனப்பெருக்கப் பருவத்தில் ஆண் தங்கமீனின் செவுள்மூடியிலும் மார்புத்துடுப்பின் முன்னோரத்திலும் வெண்மணிகள் தோன்றுவது இயல்பு. அதை வெள்ளைப்புள்ளி என்று எண்ணித் தொட்டி முழுவதும் மெத்திலீன் புளூ ஊற்றி நீலமாக்கியவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். வெண்மணி வரிசையாக, செவுள்மூடியோடு நிற்கும். நோய்ப்புள்ளி உப்பைத் தூவியதுபோல் உடலெங்கும் சிதறும். பெயர் அந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை.

உருத்திரிபு, கூன், குழிமுதுகு, பக்கக்கோணல் நான்கும் எனக்கு உடன்பாடு.

*

டாக்டர் அம்மா அவர்களுக்கு நன்றி.

கெளுத்தியை நான் மறந்தது உண்மை. என் தொட்டிகளில் அது இல்லாததால் வந்த குருட்டுத்தன்மை. இரண்டாவது தடைக்கும் என்னிடம் முழு விடை இல்லை. ஆனால் இரண்டும் சேர்ந்து சொல்வது, நாம் ஒரு சொல்லால் இரண்டு பொருளைச் சுமக்க முயன்றோம் என்பதைத்தான். ஆங்கிலச் சொல் ஒன்றாக இருப்பதால் தமிழ்ச் சொல்லும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உள்ளே நடப்பதற்கு ஒன்றும், வெளியே தெரிவதற்கு ஒன்றுமாகப் பிரித்துவிடலாம். முன்னதற்கு ‘உடல்நீர்த்தேக்கம்’ போதும். புதிய சொல்லாகக்கூடத் தோன்றாது, செதிலற்ற மீனுக்கும் செல்லும், செதில் எழுவதற்கு முந்தைய நிலைக்கும் செல்லும். வேறு தடை எழாவிட்டால் பட்டியலில் பின்வருமாறு சேர்த்துவிடுகிறேன்.

உடல்நீர்த்தேக்கம்: சிறுநீரகம் முதலிய உள்ளுறுப்புகள் கெட்டு, நன்னீர் மீனின் உடலில் புகும் நீர் வெளியேறாமல் தங்கும் நிலை. தனி நோய் அன்று; காரணம் தேடப்பட வேண்டும். நீர்ச்சோதனை முதலில்.

செதிற்சிலிர்ப்பு: உடல்நீர்த்தேக்கம் முற்றியபோது செதில்களின் பின்விளிம்பு உடலைவிட்டு எழுந்து நிற்கும் குறி. மேலிருந்து பார்த்தறிக. முத்துச்செதில் வகையின் இயல்பான குமிழ்ப்போடு மயங்கற்க.

‘வெண்மணி’யை நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள், ஆண் தங்கமீனின் அந்தப் பருவக்குறிக்கு நம் பட்டியலில் இதுவரை சொல்லே இல்லை. உங்கள் இசைவிருந்தால் அதையும் வெள்ளைப்புள்ளிக்கு அடுத்த வரியிலேயே, பார்ப்பவர் கண்ணில் இரண்டும் சேர்ந்து படும்படி, சேர்த்துவிடுகிறேன்.