46 வயதில் மலையாள எழுத்து

எனக்கு மீனாட்சிபுரம், கேரள எல்லையை ஒட்டிய ஊர், தேங்காய் வியாபாரம். மலையாளம் பேசுவது சின்ன வயசிலேயே வந்துவிட்டது. எழுத்து மட்டும் தெரியாது. லோடு பற்றி மலையாளத்தில் எழுதிய சீட்டு வந்தால் டீக்கடைச் சேட்டனிடம் நீட்டுவேன். 46 வயதில் அது கூச்சமாகப் போய்விட்டது.

முதல் இரண்டு மாதம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி கோடு போட்ட நோட்டில் பக்கம் பக்கமாகப் பார்த்து எழுதினேன். எழுதும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். மறுநாள் பார்த்தால் பாதி காணாது. நம்ம ஒரே 'க'வுக்கு அங்கே நாலு எழுத்து. வெறும் வட்டமாகவே ஒரு எழுத்து உண்டு, அதை ரொம்ப நாள் சைபர் என்றே நினைத்திருந்தேன்.

அப்போதுதான் வந்தது வினை. சீட்டில் லோடு ஏற்றும் கிழமை எழுதியிருந்தது. முதலில் 'வ' கண்ணில் பட்டது. வெள்ளி என்று நானே முடிவுகட்டி லாரிக்காரரிடம் சொல்லிவிட்டேன். எழுதியிருந்ததோ வியாழம். அந்தப் பக்கம் லோடு இறக்க வந்த ஆட்கள் ஒரு நாள் சும்மா உட்கார்ந்து, கூலி என் தலையில் விழுந்தது. வீட்டுக்கு வந்து சீட்டை மறுபடி பார்க்கிறேன். வெள்ளி என்றால் நம்ம எழுத்து மாதிரியே 'வ'வுக்கு முன்னால் கொம்பு நிற்கணும். கொம்பே இல்லை! இந்த ஜென்மத்தில் இனி அது மறக்காது.

மகள் பி.எட். படிக்கிறாள். "பாத்து எழுதாதீங்கப்பா, மூடி வெச்சுட்டு எழுதுங்க" என்றாள். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களை வைத்துச் சோதித்தார்களாம். பாடத்தைத் திரும்பப் படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 42 சதவீதம் நினைவிருந்தது. பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியவர்களுக்கு 56. ஆனால் ஐந்தே நிமிஷத்தில் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால். என் நோட்டு என்னை ஏமாற்றியது இப்படித்தான்.

அப்புறம் நோட்டை விட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கண்டக்டர் ஊர்ப் பெயரைக் கூவுவதற்குள் போர்டை வாசிக்கணும், அதுதான் பரீட்சை. பாலக்காட்டுச் சித்தூர் பஸ்ஸில் 'ற'வுக்குக் கீழே இன்னொரு 'ற' உட்கார்ந்திருந்தது. எழுத்துக்கூட்டினால் சிற்றூர்! இத்தனை வருஷம் போய்வந்த ஊர்.

பழைய ஆட்கள் கையெழுத்து மட்டும் இன்னும் மல்லுக்கட்டுகிறது. 1971இல் கேரள அரசு கூட்டெழுத்துகளை, அதாவது எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே வடிவமாக வருவதை, குறைத்தது. சேட்டன் அதற்கு முன்னால் படித்தவர்.

உங்கள் அனுபவம்?

ஆந்திரா நகரியிலிருந்து: நமக்கு விசைத்தறிங்க அண்ணா. 38 வயசுல தெலுங்கு எழுத்து. மூடி வெச்சு எழுத எங்க நேரம்? ஒரு அட்டையில நாலு எழுத்து எழுதி சட்டைப்பையில வெச்சுக்குவேன், நூல் அறுந்து தறி நிக்கும்போது ஒரு தடவை நினைச்சுப் பார்ப்பேன். தெரிஞ்ச எழுத்தை மூணு நாள் கழிச்சு திரும்பப் பார்ப்பேன், தப்பினதை மறுநாளே. 'ப'வும் 'வ'வும்தான் உயிரை வாங்கிச்சு. எழுத்து மேல டிக் மாதிரி நிக்கிற தலைக்கட்டு தனியா நின்னா 'ப', ஒட்டியிருந்தா 'வ'. கண்ணு அதைப் பிடிக்கவே ரெண்டு வாரம்.

செங்கோட்டையிலிருந்து: எனக்குப் புனலூர்ல தையல் கடை அண்ணாச்சி. மலையாளம் படிக்கப்போறேன்னு வாயைத் திறந்தா போதும், எல்லாரும் கார்த்தியாயனி அம்மா கதையை எடுத்துருவாங்க. 2018ல 96 வயசுல எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூத்துக்கு 98 வாங்கினவங்க. பெரிய மனுஷிதான், கையெடுத்துக் கும்பிடுதேன். ராத்திரி ஒம்பது மணிக்கு வீடு வந்து உலை வைக்கிறவளுக்கு அந்தக் கதை என்ன செய்யும்? அளவு நோட்டுல வாடிக்கையாளர் பேரை அவங்களையே மலையாளத்துல எழுதச் சொல்லுதேன். துணி வாங்க வரும்போது பேரை வாசிச்சுக் கூப்பிடணும். தப்பா வாசிச்சா அவங்களே சிரிச்சுத் திருத்திருவாங்க. அது கிடக்கட்டும், அந்த ஆள்கூலி எவ்வளவு ஆச்சு?

மீனாட்சிபுரத்துக்காரர்: 1,800. டியூஷன் ஃபீஸ்னு கணக்குல எழுதிட்டேன்மா.