ரொறன்ரோவில் குளிர்காலச் சைக்கிள் பயணம்: 600 டொலருக்குள் எவற்றை முதலில் வாங்குவது?

டான்ஃபோர்த் பயணி கேட்டது:

வணக்கம். விக்டோரியா பார்க் சுரங்கரயில் நிலையத்துக்கு அருகில் வசிக்கிறேன். வேலைக்கு டான்ஃபோர்த் வழியாகச் சென்று, டொன் பள்ளத்தாக்கின் மேலுள்ள பாலத்தைக் கடந்து, புளூர் - யங் சந்திக்கு அண்மையில் இறங்க வேண்டும். ஒரு வழிக்கு ஒன்பது கிலோமீற்றர் அளவில் வரும்; ஏறத்தாழ முழுத் தூரமும் சைக்கிள் பாதை. இதுவரை நவம்பர் பிறந்ததும் வண்டியை நிலவறையில் நிறுத்திவிட்டு ரயிலுக்கு மாறிவிடுவேன். இம்முறை குளிர்காலத்திலும் ஓட விரும்புகிறேன். பனிப்புயல் நாட்களில் பிடிவாதம் பிடிக்கும் எண்ணம் இல்லை; ரயில் அதே வீதிக்குக் கீழேதான் ஓடுகிறது.

என்னிடம் இருப்பது அலுமினியச் சட்டகம் கொண்ட ஹைபிரிட் வண்டி. கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக், பின்னால் 8 பல்சக்கரங்கள், 700×38 ரயர் (38 மில்லிமீற்றர் அகலம்). மட்கார்ட் கிடையாது. செயின் இரண்டு கோடைகள் ஓடியது. கடையில் விசாரித்தபோது, குளிருக்கு முன்பே செயின், கசெற் (பின்சக்கரத்திலுள்ள பல்சக்கரத் தொகுதி) இரண்டையும் புதிதாக்கி, பிரேக்கையும் கேபிளுக்குப் பதில் திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ரோலிக்குக்கு மாற்றுமாறு சொன்னார்கள். நண்பர் ஒருவரோ தடித்த ஜக்கெற்தான் முதல் செலவு என்கிறார். சிறு உலோக ஆணிகள் பதித்த ஆணி ரயர் இந்நகருக்கு உண்மையிலேயே தேவையா, அல்லது ஆணியில்லாத குளிர்கால ரயர் போதுமா என்பதிலும் தெளிவில்லை. எல்லாவற்றுக்குமாக 600 டொலர் ஒதுக்கியிருக்கிறேன். எந்த வரிசையில் செலவிடுவது நல்லது?

உப்புவீதி எழுதியது:

உங்கள் பாதையில் நானும் நெடுங்காலமாகக் குளிரில் ஓடுகிறேன். என் கணக்கில் முதற்செலவு ஆணி ரயர். மற்ற அனைத்தும் அதற்குப் பிறகு. இந்நகரில் ஆழமான பனி ஆளை விழுத்துவது அரிது. ஓரத்தில் ஒதுக்கிக் குவித்த பனி பகலில் உருகிச் சைக்கிள் பாதைக்குக் குறுக்கே வடிந்து, பொழுது சாய்ந்ததும் உறைந்து, நனைந்த தாரைப் போலவே தோற்றமளிக்கும் மெல்லிய தகடாகிவிடுகிறதே, அதுதான் விழுத்தும். பாலத்தில் இது இன்னும் மோசம். தளத்துக்குக் கீழே மண் இல்லாமல் மேலும் கீழும் காற்றுப் படுவதால் வீதியைவிட முன்னதாகவே அங்கே உறைந்துவிடும். ஆழமான ரப்பர் பற்கள் மட்டும் கொண்ட ரயர் மெத்தென்ற பனியில் நன்றாகப் பிடிக்கும். அந்தத் தகட்டின் மேல் அதுவும் வழுக்கவே செய்யும்.

டங்ஸ்டன் கார்பைட் முனையுள்ள ஆணிகளையே வாங்குங்கள். வெறும் எஃகு முனை வெறும் தாரில் விரைவில் தேய்ந்து மழுங்கிவிடும். ஃபின்லாந்தின் ஹக்கபெலிட்டா டபிள்யூ106 ரயரில் பெயரிலேயே உள்ளபடி 106 ஆணிகள் இரண்டு வரிசைகளாக இருக்கும். பெரும்பாலும் துப்புரவாக்கப்படும் உங்கள் வீதிக்கு அது போதுமானது. ஷ்வால்பே மரதன் விண்டர் பிளஸ் ரயரில் ஆணிகள் இருநூறுக்கும் மேல், ஓரங்களிலும் பதிந்திருக்கும். உறைந்த சக்கரத் தடங்களில் ஏறி இறங்க வேண்டியவர்களுக்கு அந்த ஓர ஆணிகள் உதவும். எதை எடுத்தாலும் 38 வேண்டாம், 35 அளவை எடுங்கள். ஆணிக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளியாவது இல்லாவிட்டால், கூழ்பனி அதற்குள் அடைந்து உறைந்து சக்கரத்தையே இறுக்கிவிடும். பணம் ஒன்றுக்குத்தான் போதுமென்றால் முன்சக்கரத்துக்குப் போடுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம், முன்சக்கரம் வழுக்கினால் சமாளிக்க நேரமே இராது.

புதிய ஆணிகள் ரப்பரில் நன்றாக அமர, முதல் 40 கிலோமீற்றருக்கு வெறும் தாரில், திடீர் பிரேக்கும் வேகமான புறப்பாடும் இல்லாமல் ஓட்ட வேண்டும் என்பது ஷ்வால்பே தரும் அறிவுரை. ஆகவே முதற்பனி விழும்வரை காத்திராமல் நவம்பரிலேயே மாட்டிவிடுங்கள். மணலில் கடலை வறுப்பது போன்ற இரைச்சல் எழும், வேகமும் குறையும், இரண்டும் பழகிவிடும். காற்றழுத்தத்தையும் வாரந்தோறும் பாருங்கள். நிலவறையில் 20 பாகை வெப்பத்தில் 60 பி.எஸ்.ஐ. அடித்த ரயர், வெளியே −10 பாகையில் எந்தத் துளையும் இல்லாமலே 52 அளவுக்கு இறங்கிவிடும்.

அடுத்தது முழுநீள மட்கார்ட்; முன்பக்கத்தில் தரையை நெருங்கும் ரப்பர் மடலும் இருக்க வேண்டும். பனியை உருக்க வீதியில் தூவும் உப்பு கரைந்த நீர் பாதத்தில் தெறிக்காமல் இருப்பதே பாதிச் சூடு. செயினிலும் அவ்வளவு உப்பு குறையும். பிறகு லைற். டிசம்பர் தொடக்கத்தில் இங்கே 4.40 மணி அளவிலேயே சூரியன் மறைந்துவிடும். நீங்கள் வீடு திரும்பும் நேரம் முழு இருட்டு. ஒன்ராறியோ சட்டப்படி சூரியன் மறைவதற்கு அரை மணி முன்பிருந்து, உதித்து அரை மணி கழியும்வரை முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள் விளக்கும், பின்னால் சிவப்பு விளக்கு அல்லது பிரதிபலிப்பானும் இருக்க வேண்டும். முன் கவையில் வெள்ளை, பின் கவையில் சிவப்பு எனப் பிரதிபலிக்கும் பட்டியும் ஒட்ட வேண்டும். லித்தியம் மின்கலம் குளிரில் சீக்கிரம் சோர்ந்துபோகும். லைற்றைக் கழற்றி உள்ளே கொண்டுபோய், அறை வெப்பத்துக்கு வந்த பின்பே சார்ஜ் போடுங்கள்; உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றுவது அதைக் கெடுத்துவிடும்.

செயின், கசெற் இப்போது வேண்டாம். நான்கு மாதத்தில் உப்பு தின்னப்போகும் பொருளை நவம்பரில் புதிதாக வாங்கி ஏன் அதன் வாயில் வைக்க வேண்டும்? ஏப்ரலில் ஒருசேர மாற்றிக்கொள்ளலாம். ஹைட்ரோலிக் பிரேக்கும் அவசியமில்லை. உங்களிடம் உள்ள கேபிள் டிஸ்க் இந்தத் தூரத்துக்குத் தாராளம். இரண்டு பெடல்களையும், இருக்கைத் தண்டையும் ஒருமுறை கழற்றி, கிரீஸ் தடவி மாட்டிவிடுங்கள். அலுமினியமும் எஃகும் சேரும் இடத்தில் உப்பு புகுந்தால் வசந்தத்தில் கழற்றவே முடியாதபடி பிடித்துக்கொள்ளும்.

ஔலுவாசி எழுதியது:

நான் இருப்பது ஃபின்லாந்தின் ஔலு. குளிர்காலச் சைக்கிள் பயணத்துக்கென்று நடக்கும் பன்னாட்டு மாநாட்டின் முதல் கூட்டம் 2013-இல் இந்த ஊரில்தான் நடந்தது. இங்கே பனியை இறுக்கி, அதன் மேல் சரளைப் பொடி தூவிவிடுவார்கள். குளிரும் நிலையாக இருக்கும். அதனால் இங்கு எல்லோரும் ஆணி டயர் போடுவதில்லை. ஆனால் உருகுவதும் உறைவதும் மாறி மாறி வரும் உங்கள் ஊருக்கு மேலே அவர் சொன்னதுதான் சரி. டயர் விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. உடையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தடித்த ஜாக்கெட்டை வாங்காதீர்கள். அது பேருந்துக்காக நிற்பவருக்கான உடை. சைக்கிள் மிதிப்பவர் தாமே சூட்டை உண்டாக்குகிறார். அவருக்கு வேண்டியது காற்றைத் தடுக்கும் மெல்லிய மேலுடையும், வியர்வையை உடம்பிலிருந்து இழுத்துக்கொள்ளும் உள்ளாடையும்தான். மெரினோ கம்பளியோ பாலியஸ்டரோ எதுவானாலும் சரி, பருத்தி மட்டும் கூடாது. நனைந்த பருத்தி பனியனோடு சிவப்பு விளக்கில் இரண்டு நிமிடம் நின்றால் புரிந்துவிடும். வாசலை விட்டுக் கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். அப்போதே கதகதப்பாக இருந்தால் மூன்றாவது கிலோமீட்டரில் வியர்த்து, அந்த வியர்வை பாலத்துக் காற்றில் உங்களை நடுங்க வைக்கும். நீங்கள் கோடையில் மாட்டும் விண்ட்பிரேக்கரும், அலமாரியில் இருக்கும் கம்பளி ஸ்வெட்டரும் −5 டிகிரி வரை போதும்.

பணத்தை ஒதுக்க வேண்டியது கைக்கும் காலுக்கும். −5 டிகிரியில், காற்றே இல்லாத நாளிலும், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் திறந்த தோலுக்கு அது −12 போலத்தான் படும். அந்தக் காற்று முதலில் மோதுவது விரல்களில். எவ்வளவு விலை கொடுத்த கையுறையும் ஒரு கட்டத்துக்கு மேல் தோற்றுவிடும், தடிமன் கூடக் கூட பிரேக் பிடிப்பதும் தடுமாறும். உங்கள் வண்டியின் ஹேண்டில்பார் நேரானது என்பதால், பிரேக்கையும் கியரையும் சேர்த்து மூடும் உறை ஒரு ஜோடி வாங்கி மாட்டிவிடுங்கள். கடையில் போகி என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அதற்குள் சாதாரண மெல்லிய கையுறையோடு −15 வரை ஓட்டலாம். பார்ப்பதற்கு அழகாக இருக்காது.

காலுக்கு இரண்டு சாக்ஸ் போட்டு ஷூவை இறுக்குவது தவறு. ரத்த ஓட்டம் தடைபட்டுப் பாதம் இன்னும் சில்லிடும். விரல்களை அசைக்க இடமுள்ள, அரை அளவு பெரிய ஷூவும் ஒரே ஒரு கம்பளி சாக்ஸும் போதும். ஹெல்மெட்டுக்குள் மெல்லிய குல்லாய் போட்டால் அதன் வாரைத் திரும்ப அளவுபடுத்துங்கள். குல்லாயின் மேல் ஹெல்மெட் தத்தளிக்கக் கூடாது.

பல்சக்கரம் எழுதியது:

சைக்கிள் பழுதுபார்ப்பதே என் வேலை. செயினைப் பற்றி உப்புவீதி சொன்னதில் பாதியை ஏற்கிறேன். மாற்றலாமா வேண்டாமா என்பதை அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அங்குலக் குறியுள்ள எஃகு ஸ்கேல் ஒன்றை எடுத்து, செயினின் ஒரு முளையின் (கண்ணிகளை இணைக்கும் ஊசி) நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். புதிய செயினில் 12 அங்குலக் கோடு இன்னொரு முளையின் நடுவில் சரியாக விழும். அந்த முளை 1/16 அங்குலம் தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்றும் கட்டம் வந்துவிட்டது. அரைக்கால் (1/8) அங்குலம் தள்ளியிருந்தால் கசெட்டும் சேர்ந்தே தேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நிலையில் இருந்தால் செயினை மட்டும் இப்போதே மாற்றிவிடுங்கள். 8 பல்சக்கரச் செயின் விலை குறைவு, அது கசெட்டைக் காப்பாற்றும். இரண்டாவது நிலையானால் அவர் சொன்னபடி இரண்டையும் ஏப்ரல் வரை ஓட விடலாம். ஆனால் சிக்னலில் எழுந்து நின்று மிதிக்கும்போது செயின் பல் தாண்டினால் விட்டுவைக்கக் கூடாது. காய்ந்த சாலையில் அது ஓர் எரிச்சல், பனித்தரையில் அதுவே விழுவதற்குக் காரணம்.

நவம்பருக்கு முன் மாற்ற வேண்டியவை பிரேக் பேடும் கேபிளும். உப்பும் மணலும் கலந்த சேறு ரெசின் பேடை (பிசினால் இறுக்கிய மென்மையான வகை) சீக்கிரம் அரைத்துவிடும். உலோகத்தூள் பேட் அதிக நாள் வரும். வாங்குமுன் டிஸ்க் தட்டைத் துடைத்துப் பாருங்கள். விலை குறைந்த தட்டுகள் பலவற்றில் 'ரெசின் பேட் ஒன்லி' (ரெசின் பேட் மட்டும்) என்று பொறித்திருக்கும். அப்படி இருந்தால் உலோகப் பேட் போடாதீர்கள், தட்டு தேய்ந்துவிடும். கேபிள் டிஸ்க்கில் பேட் தேயத் தேய பிடி தானாகச் சரியாகாது. நீங்கள்தான் திருகி நெருக்க வேண்டும். உங்கள் பிரேக்கில் ஒரு பேட் மட்டும் நகரும் வகையானால், சக்கரப் பக்கமுள்ள மற்றொன்றைத் தனித் திருகில் நெருக்க வேண்டும். பலர் அதை மறந்துவிட்டு, பிரேக் பிடிக்கவில்லை என்று வருவார்கள்.

கேபிள் உறைக்குள் நின்ற நீர் உறைந்தால் கியர் ஒரே பல்லில் நின்றுவிடும், அல்லது பிடித்த பிரேக் விடாது. அதற்குக் குளிர் தொடங்குமுன் உள்கேபிள், வெளியுறை இரண்டையும் புதிதாக்குவதே வழி, பெரிய செலவில்லை. பின்சக்கரக் குடத்தில் (சக்கரத்தின் நடுப்பகுதி) தடித்த கிரீஸ் இருந்தால் கடுங்குளிரில், மிதிக்கும் விசையைச் சக்கரத்துக்குக் கடத்தும் அதன் கொக்கிகள் ஒட்டிக்கொண்டு, மிதித்தாலும் சக்கரம் சுழலாது. அங்கே மெல்லிய எண்ணெய் போதும்.

உப்புச் சாலையில் ஓட்டிவந்த மாலையில் ஒரு வாளி வெதுவெதுப்பான நீரை மெதுவாக ஊற்றிக் கழுவி, செயினைத் துணியால் துடைத்து, ஈரத்துக்கான எண்ணெயை விடுங்கள். அழுத்தமாகப் பீய்ச்சும் குழாய் வேண்டாம்; பேரிங்குக்குள் நீர் புகும். கழுவ முடியாத நாளில் வண்டியைச் சூடான நிலவறைக்குக் கொண்டுபோவதைவிடக் குளிர்ந்த கொட்டகையில் விடுவது மேல். உப்பு ஈரத்தோடு சூடும் சேர்ந்தால் துரு இன்னும் வேகமாக ஏறும்.

டான்ஃபோர்த் பயணி மீண்டும் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. அளந்து பார்த்ததில் செயின் 1/16 அங்குலத்தை எட்டியிருக்கிறது. ஆகவே செயின் மட்டும் புதிது, கசெற் இருக்கட்டும். டிஸ்க் தட்டில் அந்த எச்சரிக்கை பொறித்திருப்பதால் ரெசின் பேடையே மாற்றிக்கொள்கிறேன். 700×35 ஹக்கபெலிட்டா ஒரு சோடி, மட்கார்ட், லைற், ஹான்டில் உறை, கேபிள், எண்ணெய், மெரினோ உள்ளாடை ஒன்று என்று கணக்குப் பார்த்தால் 600-க்குள் அடங்குகிறது, ஜக்கெற் வாங்கப்போவதில்லை. பெடல்களைக் கழற்ற முயன்றபோது வலதுபுறம் வந்துவிட்டது, இடதுபுறம் அசையவே இல்லை. இப்போதே உப்புப் பிடித்துவிட்டதா?

பல்சக்கரம் எழுதியது:

இன்னும் இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டியது; கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். 15 மில்லிமீட்டர் ஸ்பானரை அச்சுக்கு மேலே நிமிர்ந்து நிற்கும்படி மாட்டிப் பின்சக்கரத்தின் பக்கமாக இழுங்கள். இரண்டு பெடல்களுக்கும் அதுவே கழற்றும் திசை. அப்படியும் வராவிட்டால் மரையில் ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓர் இரவு வைத்துவிட்டு, நீளமான கைப்பிடியுள்ள ஸ்பானரால் முயலுங்கள். மாட்டும்போது முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். கோணலாக ஏறினால் அலுமினியக் கிராங்கின் மரை போய்விடும்.