24 வயது அக்காவின் கருப்பையை அகற்ற அப்பாவின் கையெழுத்து மட்டும் போதுமா?

பொருநைக்கரை எழுதியது:

வணக்கம். என் அக்காவுக்கு வயது 24. அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் பிறவி நிலையான டவுன் சின்ட்ரோமுடன் பிறந்தவர். குளிப்பது, உடுத்துவது, தட்டெடுத்துப் போட்டுச் சாப்பிடுவது எல்லாவற்றையும் தாமாகவே செய்துகொள்வார். மாதவிடாய் நாள்களில் மட்டும் உதிரப்போக்கு மிகுதியாக இருப்பதால், நேப்கின் மாற்ற அம்மா உடனிருக்க வேண்டியிருக்கிறது. அம்மாவுக்கு மூட்டுத் தேய்மானம். தமக்குப் பிறகு யார் பார்ப்பார்கள் என்ற கவலை ஒருபுறம், வெளியே போன இடத்தில் யாராவது தவறாக நடந்து கர்ப்பமாகிவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் மறுபுறம்.

உறவினர் ஒருவர் சொன்னதன்பேரில் தனியார் மருத்துவமனை ஒன்றில் காட்டினோம். கருப்பையை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்றார்கள். ஒப்புதல் படிவம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. நோயாளியின் கையொப்பம் என்ற இடத்தில் செவிலியர் ஒரு கோடு இழுத்துவிட்டு, அதற்குக் கீழே காப்பாளர் என்ற இடத்தில் அப்பாவைக் கையெழுத்திடச் சொன்னார். அக்கா பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். தம் பெயரை எழுதத் தெரிந்தவர் என்பதால், பேனாவுக்காகக் கையை நீட்டவும் செய்தார். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்னும் தேதி குறிக்கவில்லை.

அப்பாவின் கையெழுத்து சட்டப்படி செல்லுமா? அக்காவிடம்தான் கேட்க வேண்டும் என்றால், இதையெல்லாம் அவரிடம் எப்படிக் கேட்பது? என் பெற்றோர் இருபத்துநான்கு ஆண்டுகளாக அவரைக் கண்ணுக்குள் வைத்துப் பார்ப்பவர்கள். அவர்களைக் குறை சொல்லும் பதில்களைத் தவிர்த்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வழக்காடி எழுதியது:

சகோதரி, நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்: செல்லாது. பிள்ளைக்கு 18 வயது நிறைந்த அன்றே, இயற்கைக் காப்பாளர் என்ற முறையில் பெற்றோருக்கு இருந்த அதிகாரம் முடிந்துவிடுகிறது. குறைபாடு இருக்கிறது என்பதற்காக அது தானாக நீள்வதில்லை. பெரும்பாலான பெற்றோருக்கு இது தெரியாது. மருத்துவமனைகளில் பலவும் கேட்பதில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 10-ஆம் பிரிவைப் பாருங்கள். மலட்டுத்தன்மையை உண்டாக்கும் எந்த மருத்துவ நடைமுறைக்கும், மாற்றுத்திறனாளி ஒருவரை அவருடைய சுதந்திரமான, விவரமறிந்த ஒப்புதல் இல்லாமல் உட்படுத்தக் கூடாது என்று அது சொல்கிறது. இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அதே சட்டத்தின் 92-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிப் பெண்ணின் ஒப்புதலின்றிக் கருக்கலைப்புச் செய்வதை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கிவிட்டு, கடுமையான குறைபாடு உள்ள நிலையில் மருத்துவரின் கருத்தோடும் காப்பாளரின் ஒப்புதலோடும் செய்வதற்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. 10-ஆம் பிரிவில் அப்படிப்பட்ட விலக்கு எதுவும் இல்லை. ஓரிடத்தில் காப்பாளரைக் குறிப்பிட்ட நாடாளுமன்றம் மற்றோரிடத்தில் குறிப்பிடாமல் விட்டதை, மறதி என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-ஐக் காட்டி நியமனப் பிரதிநிதி (மனநோய் உள்ளவர் சார்பில் முடிவெடுக்க அந்தச் சட்டப்படி நியமிக்கப்படுபவர்) கையெழுத்திடலாம் என்று சிலர் சொல்லக்கூடும். அந்தச் சட்டம் மனநோய் என்பதன் வரையறையிலிருந்தே அறிவு வளர்ச்சிக் குறைபாட்டை விலக்கி வைத்திருக்கிறது. ஆகவே அது உங்கள் அக்காவுக்குப் பொருந்தாது.

உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளையும் சொல்ல வேண்டும். 2008-இல் தீர்ப்பான சமீரா கோலி வழக்கில், எந்தக் குறைபாடும் இல்லாத 44 வயதுப் பெண் ஒருவர் சிறு துளை வழியே வயிற்றுக்குள் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்கு மட்டும் ஒப்புக்கொண்டிருந்தார். அவர் மயக்கத்தில் இருந்தபோது வெளியே காத்திருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையை அகற்றினார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில், வயது வந்த ஒருவருக்காகத் தாய் தந்த சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். 2009-இல் சுசிதா ஸ்ரீவத்சவா எதிர் சண்டிகர் நிர்வாகம் என்ற வழக்கு வந்தது. அரசு இல்லத்தில் வன்கொடுமைக்கு ஆளாகிக் கருவுற்ற, லேசான அறிவுசார் குறைபாடுள்ள பெண்ணுக்குக் கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் ஆணையிட்டிருந்தது. அந்தப் பெண்ணோ குழந்தை வேண்டும் என்றார். அவருடைய சம்மதமின்றிக் கலைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை நிறுத்திவிட்டது.

மருதாணி (மகப்பேறு மருத்துவர்) எழுதியது:

சட்டத்தை மேலே உள்ளவர் சொல்லிவிட்டார். எனக்கு அதற்கு முன்பே ஒரு கேள்வி எழுகிறது: உதிரப்போக்கு ஏன் மிகுதியாக இருக்கிறது என்று யாராவது பார்த்தார்களா? டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு குறைவாகச் சுரப்பது மிகவும் பொதுவானது. அந்தக் குறையே மாதவிடாயில் அதிக உதிரப்போக்கை உண்டாக்கும். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்து, தினமும் ஒரு மாத்திரையில் சரியாகக்கூடியதற்குக் கருப்பையை இழக்க வேண்டியதில்லை.

தைராய்டு சரியாக இருந்தாலும் வேறு வழிகள் இருக்கின்றன. போக்குள்ள நாள்களில் மட்டும் எடுத்துக்கொள்ளும் டிரானெக்சாமிக் அமில மாத்திரை, ஹார்மோன் மாத்திரைகள், அரசு மருத்துவமனைகளில் அந்தரா என்ற பெயரில் இலவசமாகப் போடப்படும் மூன்று மாத ஊசி, கருப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனம் ஆகியவற்றைப் பற்றி உங்கள் பெற்றோரிடம் பேசியிருக்க வேண்டும். அக்காவுக்கு வலிப்பு மாத்திரை ஏதேனும் உண்டென்றால் மறக்காமல் சொல்லுங்கள். சில வலிப்பு மருந்துகள் ஹார்மோன் மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். மேலும், இவர்களில் பலருக்குப் பிறவி இதயக் குறைபாடும், சிலருக்குக் கழுத்தெலும்பு மூட்டில் தளர்ச்சியும் இருப்பதுண்டு என்பதால், மயக்க மருந்து கொடுப்பதே தனிக் கவனத்தோடு செய்ய வேண்டிய வேலை.

அம்மாவின் அச்சத்தைப் பற்றி ஒன்று. கருப்பையை எடுப்பது கர்ப்பத்தைத்தான் தடுக்கும். தவறாக நடப்பவனைத் தடுக்காது. சொல்லத் தெரியாத ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமை பல நேரங்களில் கர்ப்பத்தால்தான் வெளியே தெரிய வருகிறது என்பதை மருத்துவர்கள் அறிவார்கள். அந்த ஒரு வழியையும் நாமே அடைத்துவிடக் கூடாது.

அச்சமில்லை எழுதியது:

தவறாக நினைக்க வேண்டாம். தடுப்பூசி போடும்போது குழந்தை கதறுகிறது. அதற்காக அதன் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டா இருக்கிறோம்? மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு நியாயம், மூன்று வயதுப் பிள்ளையின் அறிவோடு இருக்கும் பெரியவருக்கு வேறொரு நியாயமா? வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்குத்தான் பாடு தெரியும்.

இளந்தளிர் (குழந்தை நல மருத்துவர்) எழுதியது:

உங்கள் கேள்வி நியாயமானதே. ஆனால் 24 ஆண்டுகள் வாழ்ந்த ஒருவரை மூன்று வயதுப் பிள்ளை என்று அளப்பதை நாங்களே கைவிட்டு நெடுநாளாயிற்று. இந்தப் பெண் பேனாவுக்குக் கை நீட்டியிருக்கிறார்.

குழந்தைகளைப் பொறுத்தவரையிலும், பெற்றோர் சொன்னால் எதையும் செய்யலாம் என்ற நிலை இல்லை. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் சம்மதத்தை, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 28-ஆம் பிரிவு சம்மதமாகவே ஏற்பதில்லை. ஆகவே பெற்றோர்தான் முடிவெடுக்கிறார்கள். எனினும் அந்த அதிகாரம் குழந்தையின் நன்மைக்காகத் தரப்பட்டது. தடுப்பூசியைத் தள்ளிப்போட்டால் நோய் வந்துவிடும். குழந்தை வளர்ந்து கருத்துச் சொல்லும் வரை அது காத்திருக்காது. காத்திருக்கக்கூடியதும், செய்தபின் திரும்பப் பெற முடியாததுமான அறுவைச் சிகிச்சை வேறு வகை.

இந்த வேறுபாட்டைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் தெளிவாக்கியது. திருநங்கை ஒருவரின் திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்த வழக்கு அது. அதனூடே நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், இடைப்பாலினத்தவராக (ஆண், பெண் என்று தெளிவாக வகுக்க முடியாத உடலமைப்போடு) பிறக்கும் குழந்தைகளுக்கு ஆண், பெண் என்று அடையாளம் பொருத்துவதற்காகச் செய்யப்படும் அறுவைச் சிகிச்சைகளையும் எடுத்துக்கொண்டு, பெற்றோரின் ஒப்புதலைக் குழந்தையின் ஒப்புதலாகக் கருத முடியாது என்றார். அதே ஆண்டு ஆகஸ்டில், உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றபடி அத்தகைய அறுவைச் சிகிச்சைகளைத் தமிழ்நாடு அரசு தடை செய்தது. இந்தியாவில் இதைச் செய்த முதல் மாநிலம் நாம்தான்.

தடுப்பூசி என்று சொன்னதால் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில், கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசித் திட்டம் ஒன்று நடந்தபோது, விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள் பலருக்காக விடுதிக் காப்பாளர்களே படிவத்தில் கையெழுத்திட்டார்கள். அடுத்த ஆண்டு திட்டம் நிறுத்தப்பட்டது. 2013-இல் நாடாளுமன்றக் குழு அந்தக் கையெழுத்துகளைக் கடுமையாகச் சாடியது. அந்தத் தடுப்பூசி நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. கேட்க வேண்டியவர்களைக் கேட்காமல் போட்டதுதான் ஊரில் அதன்மீது அவநம்பிக்கையை வளர்த்தது.

கைத்தடம் (சிறப்பு ஆசிரியர்) எழுதியது:

எப்படிக் கேட்பது என்ற கேள்விக்கு யாரும் இன்னும் வரவில்லை. என் மாணவர் ஒருவருக்குப் பல் பிடுங்க வேண்டியிருந்தபோது, மருத்துவமனையின் வாசல், சாய்வு நாற்காலி, முகக்கவசம் போட்ட மருத்துவர், ஊசி, பஞ்சு என்று வரிசையாகப் படங்களை எடுத்து அட்டையில் ஒட்டி, ஒரு வாரம் தினமும் அதைக் கதைபோலச் சொன்னோம். ஊசிப் படத்தை மட்டும் அவர் எடுத்துப் பைக்குள் ஒளித்து வைத்தார். ஊசி வேண்டாம் என்பதைவிடத் தெளிவான பதில் எதுவும் தேவையா? மரத்துப்போகும் களிம்பை முதலில் தடவிக் காட்டிய பிறகு, படம் பையிலிருந்து திரும்ப வந்தது.

ஒரே ஒரு எச்சரிக்கை. இவர்களில் பலர் நம்மை மகிழ்விப்பதற்காக எதைக் கேட்டாலும் ஆமாம் என்பார்கள். ஆகவே, எடுத்துவிடலாமா என்று கேட்ட கேள்வியை, வேறொரு நாளில், வேறொருவர், அப்படியே இருக்கட்டுமா என்று மாற்றிக் கேட்க வேண்டும். இரண்டுக்கும் ஆமாம் என்றால் இன்னும் புரியவில்லை என்று பொருள். அம்மா முகத்தைப் பார்த்துப் பதில் சொல்பவராக இருந்தால், அம்மா இல்லாத நேரத்தில் கேளுங்கள்.

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அப்பாவிடம் மருத்துவர் மருதாணியின் பதிலை வாசித்துக் காட்டினேன். தைராய்டு பரிசோதனையை முதலில் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார். படிவத்தைத் திரும்பக் கேட்கப் போகிறோம். மாத்திரையோ ஊசியோ தொடங்குவதானாலும் சட்டப்படி காப்பாளர் நியமனம் வேண்டுமா?

வழக்காடி எழுதியது:

அன்றாட மருந்துகளுக்கு, அக்காவுக்குப் புரியும்படி சொல்லி, அவர் மறுக்காமல் எடுத்துக்கொண்டால் போதும். மருத்துவர் அதைக் குறிப்பில் எழுதி வைக்கட்டும். வங்கி, சொத்து போன்றவற்றுக்காகக் காப்பாளர் தேவை என்று வந்தால், தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-இன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். மாற்றுத்திறனாளி ஒருவரும் பதிவு பெற்ற அமைப்பின் பிரதிநிதி ஒருவரும் அந்தக் குழுவில் இருப்பார்கள். காப்பாளர் உண்மையிலேயே தேவையா, எந்தெந்தக் காரியங்களுக்கு என்பதைக் குழு ஆராய வேண்டும் என்பதால், விண்ணப்பத்தில் அதைத் தெளிவாக எழுதுங்கள். அந்த நியமன ஆணை கையில் இருந்தாலும், கருப்பை அகற்றும் படிவத்தில் கையெழுத்திட அது அப்பாவுக்கு அதிகாரம் தராது என்பதே என் கருத்து. அக்காவையும் ஆட்சியர் அலுவலகத்துக்கு அழைத்துப் போங்கள்.