நடுநிலையாக்கல் வெப்பம் 81 வந்த நாள்: வெப்ப அளவீட்டு அனுபவங்கள்

கல்லூரி ஆய்வக ஆசிரியர்:

பி.எஸ்சி. முதலாண்டுக்கு ஆய்வக வகுப்பு எடுக்கிறேன். அமிலமும் காரமும் சேர்ந்து ஒரு மோல் (வேதியியலில் பொருளை எண்ணும் அலகு) நீர் உருவாகும்போது வெளிவருவது நடுநிலையாக்கல் வெப்பம். அதைக் காணும் சோதனையில் விடை எப்போதும் குறைவாகத்தான் வரும். மோலுக்கு 57.3 கிலோஜூல் வரவேண்டிய இடத்தில் 50, 52 என்று நிற்கும். கொஞ்சம் வெப்பம் கோப்பைக்கும் காற்றுக்கும் போய்விடுகிறது, சரி. ஆனால் ஒரு குழுவுக்கு 81 வந்தது.

கணக்கில் பிழை இல்லை. 1 மோலார் (லிட்டருக்கு 1 மோல்) அமிலம் 50 மி.லி., அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு 50 மி.லி., மொத்தம் 100 கிராம் கரைசல். தன்வெப்பம், அதாவது ஒரு கிராம் ஒரு டிகிரி ஏற வேண்டிய வெப்பம், 4.18 ஜூல். ஆக ஒரு டிகிரி ஏற 418 ஜூல் வேண்டும். அவர்களுக்கு 9.7 டிகிரி ஏறியிருக்கிறது. உருவான நீர் 0.05 மோல். வகுத்தால் 81 தான். ஒரு மாணவி பக்கத்து மேசையின் அளவீட்டைப் பார்த்து எண்ணை மாற்றப் போனாள். "எண்ணை அடிக்காதேம்மா, அந்த வெப்பம் எங்கிருந்து வந்ததுன்னு பார்ப்போம்" என்றேன்.

காரக் கரைசல் இருந்த குடுவையைத் தொட்டால் வெதுவெதுப்பு. சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளை அப்போதுதான் கரைத்திருக்கிறார்கள். அது நீரில் கரையும்போதே மோலுக்கு 44.5 கிலோஜூல் வெளிவரும். 250 மி.லி.யில் 10 கிராம் கரைத்தாலே வெப்பநிலை ஏறக்குறைய 10 டிகிரி ஏறிவிடும். அந்தக் கரைசல் 36 டிகிரிக்கு ஆறியிருந்தபோது 30 டிகிரியில் இருந்த அமிலத்தில் ஊற்றிவிட்டு, தொடக்க வெப்பநிலை 30 என்று எழுதியிருக்கிறார்கள். உண்மையான தொடக்கம் இரண்டுக்கும் நடுவே 33. அந்த 3 டிகிரியைக் கழித்தால் 6.7, விடை 56. குழுவே துள்ளியது. எனக்கும் அன்றைக்கு மனசு நிறைந்துவிட்டது. தப்பாக வந்த எண்ணை மறைக்காமல் துரத்திப் பிடித்தார்களே!

இப்போது கரைசல்களை முதல் நாளே தயாரித்து வைக்கச் சொல்கிறேன். இரண்டின் வெப்பநிலையையும் ஒரே வெப்பமானியால், நடுவில் கழுவித் துடைத்துப் பார்க்க வேண்டும். ஒரு டிகிரிப் பிரிவுள்ள வெப்பமானி இந்தச் சோதனைக்கு ஆகாது. மொத்த ஏற்றமே 7 டிகிரிக்குள் இருக்கையில் அரை டிகிரி பிசகினாலே விடை 7 சதவீதம் தள்ளிப் போகும். 0.1 டிகிரிப் பிரிவு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். அப்புறம், உச்ச வெப்பநிலையை மட்டும் குறிக்காமல் அரை நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து வரைபடம் போட்டு, ஆறும் கோட்டைக் கலந்த நேரம் வரை பின்னோக்கி நீட்டினால் காற்றுக்குப் போன வெப்பமும் பெருமளவு கணக்குக்குள் வந்துவிடும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

பிளஸ் ஒன் ஆசிரியை:

என் பிள்ளைகளுக்கு உதைப்பது கூட்டல், கழித்தல் குறிதான். தெர்மாகோல் கோப்பையில் 100 கிராம் தண்ணீர் ஊற்றி 10 கிராம் அம்மோனியம் குளோரைடு போட்டுக் கலக்கினால் ஏறத்தாழ 6 டிகிரி இறங்கும். கோப்பையைக் கையில் கொடுத்து "வெப்பம் உமிழ் வினையா, வெப்பம் கொள் வினையா?" என்று கேட்பேன். "சில்லுன்னு இருக்கு மிஸ், வெப்பம் வெளியே போயிடுச்சு, அதனால உமிழ்" என்று பாதி வகுப்பு சொல்லும். நாம் தொடுவது தண்ணீரை. தண்ணீர் இழந்ததைத்தான் கரைதல் எடுத்துக்கொண்டது. அதனால் வினையின் என்தால்பி மாற்றத்துக்கு (அழுத்தம் மாறாதபோது வினை எடுக்கும் அல்லது விடும் வெப்பம்) நேர்குறி, மோலுக்குச் சுமார் +15 கிலோஜூல். நிறையைத் தன்வெப்பத்தாலும் வெப்பநிலை மாற்றத்தாலும் பெருக்கி வருவது தண்ணீரின் கணக்கு. வினைக்கு எழுதும்போது குறி மாறும். கோப்பையைத் தொட்டுவிட்டு இதைச் சொன்னால் பெரும்பாலும் பதிகிறது.

அடுத்த சறுக்கல் நடுநிலையாக்கல் சோதனையில்: கரைசலின் நிறையாக 100 கிராமுக்குப் பதில் அமிலத்தின் 50 கிராமை மட்டும் எடுத்துக்கொள்வது. விடை நேர்பாதியாக, 28-ஐ ஒட்டி வந்தால் உடனே அங்கே பாருங்கள்.

அனல் மின் நிலைய ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர்:

நாங்கள் நிலக்கரியை பாம் கலோரிமீட்டரில் எரிக்கிறோம்; ஆக்சிஜன் நிரப்பி இறுக மூடிய எஃகுக் கலத்தைத் தண்ணீர் வாளிக்குள் வைத்து வெப்பம் அளக்கும் கருவி அது. கல்லூரி ஆசிரியர் சொன்ன, கோப்பைக்குப் போகும் வெப்பம் இங்கே சின்ன விஷயமில்லை. எஃகுக் கலம், வாளி, கலக்கி எல்லாமே சூடாகும். அவற்றைத் தனித்தனியாகக் கணக்கிட மாட்டோம். பென்சாயிக் அமில வில்லை ஒன்றை எரிப்போம். கிராமுக்கு 26.4 கிலோஜூல் என்பது துல்லியமாகத் தெரிந்த அளவு; எத்தனை டிகிரி ஏறியது என்று பார்த்தால் கருவி முழுவதன் வெப்ப ஏற்புத்திறன், அதாவது அது ஒரு டிகிரி ஏற வேண்டிய வெப்பம், கிடைத்துவிடும். பிறகு கரியை எரிக்கும்போது, பற்றவைக்கும் கம்பி எரிந்த வெப்பத்தைக் கழிக்க வேண்டும். கரியில் உள்ள கந்தகம் கலத்துக்குள் கந்தக அமிலமாகும்போது வரும் கூடுதல் வெப்பத்தையும் கழிக்க வேண்டும்.

புதிதாகச் சேரும் இளைஞர்கள் இதில் வரும் எண்ணை நேரே என்தால்பி என்று எழுதிவிடுகிறார்கள். கலம் மூடியது, பருமன் மாறாது, எனவே கிடைப்பது அக ஆற்றல் மாற்றம். வாயுவின் அளவு மாறும் வினையில் என்தால்பி மாற்றம் இதிலிருந்து சற்று வேறுபடும். ஒரு மோல் நாப்தலீனை எடுங்கள்: 12 மோல் ஆக்சிஜன் போய் 10 மோல் கார்பன் டைஆக்சைடு வருகிறது, நீர் திரவமாகிவிடுகிறது. வாயு 2 மோல் குறைவதால் அறை வெப்பநிலையில் இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் 5 கிலோஜூல். மொத்தம் 5,150-ஐத் தாண்டும் எண்ணில் அது ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனாலும் அந்தத் திருத்தத்தை ஒருமுறை கையால் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். என்தால்பியையும் அக ஆற்றலையும் இணைக்கும், கல்லூரியில் மனப்பாடம் செய்த வாய்ப்பாட்டுக்கு அவர்கள் உருப்படியாக வேலை கொடுப்பது அநேகமாக அங்கேதான்.