ஃபெட்ச்சுக்கு மாறிய பிறகு அப்லோடு பார் நகர்வதில்லை, என்ன செய்யலாம்?

வணக்கம் நண்பர்களே. பெங்களூரு மாரத்தஹள்ளியில் ஒரு சின்ன டீமில் ஃபிரன்ட்எண்ட் பார்க்கிறேன், ரியாக்ட் 18 லைப்ரரியில். பண்டில் (பிரவுசர் இறக்கும் கோடு) அளவைக் குறைக்க இரண்டு வாரம் முன்பு, சர்வருக்கு ரெக்வெஸ்ட் அனுப்பும் ஆக்ஸியாஸ் லைப்ரரியை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் பிரவுசரிலேயே இருக்கும் ஃபெட்ச்சுக்கு மாற்றினோம். அன்றிலிருந்து, ஃபைல் எவ்வளவு ஏறியது என்று காட்டும் அப்லோடு பார் 0-விலேயே நிற்கிறது. ஓசூர் ரோட்டில் லாரியை ஓரங்கட்டிவிட்டு 8 எம்பி பில் போட்டோ அனுப்பும் டிரைவர் அண்ணன்கள், போகவில்லை என்று நினைத்து மறுபடி அழுத்துகிறார்கள், நேற்று ஒரே பில் மூன்று முறை ஏறியிருந்தது. பட்டனை முடக்கினால் பக்கத்தையே ரெஃப்ரெஷ் செய்துவிடுகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

மற்றதெல்லாம் சரி செய்தாயிற்று. சர்வர் பிழை என்ற 500 வந்தாலும் ஃபெட்ச் ரிஜெக்ட் ஆகாது (எரராக எடுக்காது) என்பதால் ரெஸ்பான்ஸின் ஓகே பார்த்து நாங்களே எரர் வீசுகிறோம். ஏபிஐ வேறு டொமைனில் இருப்பதால் குக்கி போகாமல், லாகின் இல்லை என்ற 401 வந்தது, கிரெடென்ஷியல்ஸில் இன்க்ளூட் போட்டதும் நின்றது. ஃபைலைச் சுமக்கும் ஃபார்ம்டேட்டாவுக்கு நாங்களே வைத்த கன்டென்ட்-டைப் ஹெடரில் பவுண்டரி (பகுதிகளைப் பிரிக்கும் குறி) இல்லை, அதையும் நீக்கினோம். டைம்அவுட்டுக்கு, ரெக்வெஸ்ட்டை நிறுத்தும் அபார்ட்சிக்னல்.

பாருக்குத்தான் வழி தெரியவில்லை. ஆக்ஸியாஸ் உள்ளே பிரவுசரின் பழைய முறையான எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபிரெக்வெஸ்ட்டைப் பயன்படுத்துவதால் ஆன்அப்லோடுபிராக்ரஸ் என்று ஒரே வரியில் முடிந்தது. ஃபெட்ச்சில் அது இல்லை. டேட்டாவைத் துண்டு துண்டாக அனுப்பும் ரீடபிள்ஸ்ட்ரீமை பாடியாக அனுப்பியும் பார்த்தேன், க்ரோம் அதற்கு ஹெச்டிடிபி/2 கேட்கிறது, எங்கள் சர்வர் இன்னும் 1.1, அப்புறம் டெஸ்ட் செய்த பழைய ஐபோனில் போகவே இல்லை.

அப்லோடுக்கு மட்டும் எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபிரெக்வெஸ்ட்டைக் கையால் எழுதிவிட்டு மற்றதை ஃபெட்ச்சிலேயே விடலாமா, இல்லை முழுக்க ஆக்ஸியாஸுக்கே திரும்புவது நல்லதா?