புதுப்பிப்பு: 32-பிட் சோலாரிஸிலிருந்து 64-பிட் லினக்ஸுக்கு மாற்றிய பழைய சி நிரல் (தீர்ந்தது)

உதவிய எல்லாருக்கும் நன்றி. சோலாரிஸ் என்ற யூனிக்ஸ் இயங்குதளத்தில் ஓடிய நிரல், லினக்ஸில் கம்பைல் ஆகியும் தொடங்கியவுடனே செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டதால் நிரல் நின்றுபோவது) அடிக்கிறது என்று கேட்டிருந்தேன்.

எச்சரிக்கைகளை எல்லாம் திறந்துவிட்டு கம்பைல் செய்யச் சொன்னவரின் யோசனைதான் பலித்தது. ஸ்ட்ரிங்.ஹெச் என்ற ஹெட்டர் கோப்பைச் சேர்க்காமலே ஸ்ட்ர்டப்() (சரத்தை நகலெடுத்து, நகலின் முகவரியைப் பாயின்டராகத் தரும் ஃபங்ஷன்) அழைக்கப்பட்டிருந்தது. அறிவிப்பு இல்லாவிட்டால் அது இன்ட் (32-பிட் முழு எண்) தரும் என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளும். 64-பிட் பாயின்டரில் கீழ்ப்பாதி மட்டும் மிஞ்சும். 32-பிட்டில் இன்ட், பாயின்டர் இரண்டுக்கும் ஒரே அளவு என்பதால் இத்தனை காலம் வெளியே தெரியவில்லை. ஹெட்டரைச் சேர்த்ததும் சரியானது. ஜிசிசி கம்பைலரின் 14-ஆம் பதிப்பு முதல், அறிவிப்பில்லாமல் அழைப்பது பிழையாகவே நிற்கும். மிக நல்ல மாற்றம்.

எதிர்பாராதது ஒன்று: அதன்பின் டைம்அவுட் வேலை செய்யவில்லை. குறித்த நேரத்தில் சிக்னல் அனுப்பும் அலாரம்() அடித்தும், தரவுக்காகக் காத்திருந்த ரீட்() திரும்பவே இல்லை. சிக்னல் வந்தால் என்ன செய்வது என்று சொல்வது சிக்னல்(). சோலாரிஸில் அது, சிஸ்டம் ஃபைவ் என்ற யூனிக்ஸ் வகையின் வழக்கப்படி, ரீட்()-ஐ ஈஐஎன்டிஆர் (குறுக்கிடப்பட்டது) பிழையோடு முறித்துவிடும். லினக்ஸில் ஜிலிப்சி என்ற சி நூலகம், பிஎஸ்டி என்ற இன்னொரு யூனிக்ஸ் வகையின் வழக்கைப் பின்பற்றி ரீட்()-ஐயே மறுபடி தொடங்கிவிடுகிறது. சிக்னல்()-ஐ எடுத்துவிட்டு, எஸ்ஏ_ரீஸ்டார்ட் (மறுபடி தொடங்கச் சொல்லும் கொடி) இல்லாமல் சிக்ஆக்‌ஷன்() போட்டேன். இப்போது இரண்டு இயங்குதளங்களிலும் ஒரே மாதிரி நடக்கிறது.

32-பிட்டாகவே கம்பைல் செய்யும் யோசனை முதல் சிக்கலை மறைக்கும், இரண்டாவதைத் தீர்க்காது.